அக்காவுக்கு ஊதிக் காட்டியது

"ஊதும்" என்பார் அக்கா. வேறு கதை இல்லை.

சம்பள நாள் பின்னேரம் டொக்யாட் மதிலுக்குப் பின்னால் வரிசை வீடுகளாக இருந்த லயனுக்குப் போனால் பார்க்கலாம். துறைமுகத்து ஆம்பிளைகள் வேலை விட்டு வருவார்கள். நேரே வீட்டுக்குப் போக ஏலாது. முதல் வீட்டுப் படலையில் வரிசையாக நிற்க வேண்டும். அக்கா கோழிக்கூட்டை அடைத்துவிட்டு, சீலைத் தலைப்பில் கை துடைத்தபடி வருவார். ஒவ்வொருவராக முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் ஊதுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் முகர்வார்.

"ஓம்."

அல்லது,

"இல்லை."

அவ்வளவுதான். அவரவர் பெண்சாதி வாசலில் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பாள். "இல்லை" என்று கேட்டால் குசினிக்குள் போய்ச் சோறு போடுவாள். "ஓம்" என்று கேட்டால் கதவைச் சாத்துவாள். அந்த ஆள் கடற்கரைப் பக்கம் போய்விட்டு வெறி முறிந்த பிறகுதான் வரலாம்.

இந்த வேலையை அக்காவுக்கு ஆரும் கொடுக்கவில்லை. லயனில் ஒருத்திக்கு ஒரு நாள் தடிமன். மூக்கடைப்பு. புருசன் சிரித்துக்கொண்டு வருகிறான். குடித்தானா, சும்மா சந்தோசமா என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா முகர்ந்து பார்த்து "ஓம்" என்றார். புருசன் அழுது ஒத்துக்கொண்டான். பிறகு மூக்கு நன்றாக இருந்த பெண்களும் கூப்பிடத் தொடங்கினார்கள். வீட்டுச் சண்டையை வெளியாள் தீர்த்து வைத்தால் நல்லதுதானே. அப்படியே வழக்கமாகிவிட்டது.

பெரிய மூக்கு என்று நினைக்க வேண்டாம். புதிதாக லயனுக்கு வருகிறவர்கள் அப்படி நினைத்து வந்து ஏமாந்து போவார்கள். சின்னச் சப்பை மூக்கு. மூக்குத்தியும் இல்லை. கேட்டால், "வேலை செய்யிற சாமானுக்கு நகை என்னத்துக்கு" என்பார்.

சீவியத்துக்கு முட்டை விற்றார். தன் கோழிகளின் முட்டை போதாது. நிலாவெளிப் பக்கமிருந்தும் வாங்கி விற்பார். முட்டையைக் குலுக்கிப் பார்க்க மாட்டார். தண்ணீரில் போட்டுப் பார்க்க மாட்டார். ஓட்டின் மேலே முகர்வார். "கூழ்" என்று வேலிக்கு அப்பால் எறிவார். ஒரு தரம் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன், "அக்கா, நல்ல முட்டையையெல்லோ எறியப் பாக்கிறியள்" என்று சொல்லிக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான். தன் கடைக் குசினியில் வைத்து உடைத்தான். அன்றைக்கு அந்தக் கடையில் ஒருவரும் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை.

அக்காவின் புருசனை நான் பார்த்ததில்லை. நான் லயன் பக்கம் போகத் தொடங்குமுன்னே அவர் செத்துவிட்டார். தவறணையில் சாராயம் அளந்து கொடுக்கிற வேலை செய்தவர். ஒரு சொட்டும் குடிக்காத மனிசன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் தலை முதல் கால் வரை சாராயம் மணக்க வீட்டுக்கு வருவார். கலியாணம் கட்டிய புதிதில் அக்கா அவரை நம்பவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி முகர்ந்து, கையை முகர்ந்து, தலைமயிரை முகர்ந்து, கடைசியாக ஊதச் சொல்லி முகர்ந்து பழகினாராம்.

"சட்டையிலை இருக்கிற மணம் வேறை, தம்பி. தொண்டையிலையிருந்து வாறது வேறை. அதைப் பிரிச்சறிய எனக்கு ஒரு வருசம் எடுத்தது. பாவம் அந்த மனிசன். ஒரு வருசம் சும்மா ஊதினது."

ஆம்பிளைகள் சும்மா இருப்பார்களா? ஏமாற்றத்தான் பார்த்தார்கள். கராம்பு சப்பிக்கொண்டு வந்தார்கள். ஏலக்காய், பச்சை வெங்காயம், கொய்யா இலை, வெற்றிலை எல்லாம் பார்த்தார்கள். கொய்யா இலை தின்றவனை அக்கா "ஆடு" என்று கூப்பிட்டார். வின்ச் வேலை செய்த ஒருவன் மண்ணெண்ணெயால் வாய் கொப்பளித்துக்கொண்டு வந்தான். அக்கா முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேலை மண்ணெண்ணெய். கீழை கள்ளு. நெருப்புக்குக் கிட்டப் போகாதையும்."

வேறொருவன் ஊத மறுத்தான். பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ண வெளிக்கிட்டான்.

"பிள்ளையின்ரை தலையை விடும்" என்றார் அக்கா. "அதுக்கு இப்பதான் எண்ணெய் வைச்சிருக்கு. ஊதும்."

மாதா கோயில் சுவாமியாரும் ஒரு நாள் பகிடியாகக் கேட்டார். பூசையில் வைன் குடித்துவிட்டு அவர் வெளியே வருகிற நேரம். "எல்லாரையும் ஊதச் சொல்லுறாய். என்னை ஏன் கேக்கிறேல்லை?"

"பூசை முடிஞ்ச உடனை வேண்டாம் சுவாமி" என்றார் அக்கா. "நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

சுவாமியார் சிரித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு கேட்கவில்லை.

இப்படிச் சொன்னால் எல்லாம் பகிடி மாதிரி இருக்கும். முழுக்கப் பகிடி இல்லை. அக்காவின் தம்பியும் அதே லயனில்தான் இருந்தான். குடியை விட்டுவிட்டேன் என்று பெண்சாதிக்குச் சொன்னான். அவளும் நம்பி, தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். அடுத்த சம்பள நாள் அவனும் வரிசையில் வந்து நின்றான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். சொந்தத் தமக்கை. ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் போதும்.

"ஓம்" என்றார் அக்கா.

பெண்சாதி பிள்ளைகளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மூதூருக்கு ஆள் ஏற்றுகிற லோஞ்சுப் படகில் ஏறிவிட்டாள். அந்த லோஞ்சை ஓட்டியது நான்தான். அவள் வழி நெடுக அழுதாள். தம்பி கன காலம் அக்காவோடு கதைக்கவில்லை. ஆனால் முட்டை அவரிடம்தான் வாங்கினான். காசை மதிலில் வைப்பான். அக்கா முட்டையை மதிலில் வைப்பார்.

சொன்ன சொல்லை அக்கா திருப்பி எடுத்ததை ஒருவரும் கண்டதில்லை. இனிச் சொல்லப் போவது அதனால்தான்.

எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் அதே லயனில் மூன்றாம் வீடு. பெயர் றெஜினா. தகப்பன் இல்லை. குடித்து ஈரல் போய்ச் செத்தவர். தாய் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் சொல்லியிருந்தா, குடிக்கிறவனுக்குப் பெட்டையைக் கொடுப்பதில்லை என்று. மற்ற எல்லாம் பேசி முடிந்துவிட்டது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீடு சின்னது என்பதையும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒன்றுதான் மிச்சம். நான் பெண் பார்க்க வரும்போது அக்காவும் வந்து முகர்ந்து பார்ப்பார்.

எனக்குப் பயமில்லை. நான் குடிக்கிறதில்லை. சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை. ஒரு தரம் குடித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.

எனக்கிருந்த கரைச்சல் பல். கடைவாய்ப் பல் ஒன்று சூத்தை விழுந்து கிடந்தது. ஆசுபத்திரிக்குப் போகப் பஞ்சி, நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன். வாய் நாறியது. எனக்கே தெரிந்தது.

லோஞ்சில் என்னோடு வேலை செய்தவன் காசிம். கிண்ணியாவைச் சேர்ந்தவன். கயிறு பிடிக்கிறது, ஆட்களை ஏற்றி இறக்கிறது அவன் வேலை. எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கதைத்துப் பழகியவன். கரையிலும் அப்படித்தான் கதைப்பான்.

"மச்சான், இந்த வாயோட நீ பொம்பள பாக்கப் போனா, அந்தப் புள்ள கன்னியாஸ்திரியாப் போயிரும்!"

அந்தக் கிழமை தேயிலை ஏற்ற ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்து குடாவில் நங்கூரம் போட்டிருந்தது. அதிலிருந்த குசினிக்காரனை நாங்கள் கரைக்குக் கொண்டு வந்தோம். நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருந்ததை அவன் பார்த்தான். திரும்பிப் போகும்போது கப்பலுக்குள் ஓடிப்போய் ஒரு போத்தலைக் கொண்டு வந்து தந்தான். பாதிப் போத்தல் பச்சை நிறத் தண்ணீர். பாசை தெரியாது. வாயைத் திறந்து, தலையை அண்ணாந்து, கள கள என்று சத்தம் போட்டு, கடலில் துப்பிக் காட்டினான். விழுங்கக் கூடாது என்று விரலையும் ஆட்டினான்.

அந்த நாட்களில் கடைகளில் சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடு. வாய் கழுவுவதற்கென்று தனியாக ஒரு மருந்து இருப்பதே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு உப்புத் தண்ணீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண் பார்க்கப் போனேன். இறங்குதுறையில் நின்று கொப்பளித்தேன். வாய் எரிந்தது. பிறகு குளிர்ந்தது. பல்லுக்குச் சுகமாக இருந்தது. காசிம்தான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னொருக்கா, மச்சான். வடிவாக் கொப்பளி. கலியாணம் ஒருக்காத்தான்."

இன்னொரு தரமும் கொப்பளித்தேன்.

றெஜினா வீட்டில் கதிரை போட்டு இருத்தினார்கள். எனக்கு முன்னால் பலகாரத் தட்டு. தட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா. றெஜினா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். கால் மட்டும் தெரிந்தது.

"ஊதும் தம்பி."

ஊதினேன்.

அக்கா கண்ணை மூடினார். திறந்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இன்னொருக்கா ஊதும்."

ஆரையும் அவர் இரண்டாம் தரம் ஊதச் சொன்னதில்லை. நல்லாயிருக்கிறதாக்கும், மறுபடி கேட்கிறார் என்று நினைத்து நன்றாக ஊதினேன்.

"ஓம்" என்றார்.

றெஜினாவின் தாய் எழும்பினா. பலகாரத் தட்டை எடுத்தா. உள்ளுக்குக் கொண்டு போனா. சீலைக்குக் கீழே தெரிந்த காலும் போய்விட்டது.

"நான் குடிக்கிறேல்லை" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை" என்றார் அக்கா. "ஆனால் தம்பி, உம்மடை வாயிலை என்னவோ புதுச் சாமான். வலுவான சாமான். மேலுக்கு என்ன போட்டிருக்கிறீர்? கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு."

எழும்பி வந்துவிட்டேன். வேறென்ன செய்கிறது.

வரும் வழியில் லயன் ஆம்பிளைகள் எல்லாம் வாசலுக்கு வந்தார்கள். அதுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவர்கள். குடிக்காதவன் என்று ஒரு கோபம். அன்றைக்கு ஒருவன் தோளில் கை போட்டான். "வா மச்சான். நீயும் எங்கடை ஆள்தான் எண்டு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சே." இன்னொருவன் எனக்காகக் கண் கலங்கினான். அவன் ஏற்கெனவே போட்டிருந்தான்.

வீட்டில் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்ப தொடங்கினனி?"

காசிம் கேள்விப்பட்டுக் கோபத்தோடு வந்தான். பிறகு லோஞ்சின் ஓரத்தில் குந்தியிருந்து கன நேரம் யோசித்தான். அவன் கத்தாமல் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அக்காட மூக்கு பிழைக்காது. நீ பொய் சொல்ற ஆளில்ல. அப்ப நடுவுல என்னமோ ஒண்டு இரிக்கி, மச்சான்."

இரண்டு பேரும் ஒரே நேரம் போத்தலைப் பார்த்தோம்.

மருந்துக் கடையில் டிஸ்பென்சர் ஐயா இருந்தார். மருந்து கலக்கிக் கொடுக்கிறவர். போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதுக்குள்ளை ஸ்பிரிட் இருக்கு. பியரை விட வலு" என்றார்.

காசிம் போத்தலை மூடி, இரண்டு விரலால் பிடித்து, என் கையில் வைத்தான். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். பிறகு சாரத்தைப் பார்த்தான்.

"ஏன் ஐயா வாய் கழுவுற மருந்துக்கு அது?" என்று கேட்டேன்.

"மணத்துக்கும் குணத்துக்கும் உள்ளுக்கை போடுறது எண்ணெய்கள். கற்பூரப் புல்லு, யூக்கலிப்டஸ், மிளகுக்கீரை அப்பிடி. எண்ணெய் தண்ணியிலை கரையாதெல்லோ? மேலை மிதக்கும். ஸ்பிரிட்டிலை கரையும். அதுக்காகத்தான் விடுறது. மருந்தும் கனநாள் பழுதாகாமல் இருக்கும்."

"ஸ்பிரிட் கிருமியைக் கொல்லாதோ?"

"கொஞ்சம் செய்யும். கனக்கச் செய்யிறது எண்ணெய்தான். ஸ்பிரிட் அதைத் தூக்கிக்கொண்டு வாறதுக்கு."

எனக்கு அது விளங்கியது. கப்பல் கரைக்குக் கிட்ட வர ஏலாது. பார்ஜ்தான் சாமானைக் கரைக்குக் கொண்டு வரும். கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். பார்ஜை ஆரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை.

போத்தலோடு நேரே அக்காவிடம் போனோம். அவர் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். நான் மூடியைத் திறந்து நீட்டினேன். முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதேதான்! இதேதான் உம்மடை வாயிலை இருந்தது. சாராயம் இருக்கோ இல்லையோ?"

"இருக்கு அக்கா."

"அப்ப நான் சொன்னது சரி."

"சரி."

"பிறகேன் வந்தனீர்?"

"நான் விழுங்கேல்லை. கொப்பளிச்சுத் துப்பினனான்."

அக்கா தவிட்டுக் கையோடு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

"தம்பி, இந்த வயசுக்கு நான் எத்தினை ஆம்பிளையின்ரை வாயைப் பாத்தவள். சாராயம் உள்ளுக்குப் போகும். வெளியாலை வாறதெண்டால் வயித்தைப் பிரட்டிச் சத்தியாகத்தான் வரும். வாய்க்குள்ளை விட்டிட்டுத் துப்புறதோ? ஆருக்குக் கதை விடுறீர்?"

"அது வாய் கழுவுற மருந்து அக்கா" என்று காசிம் கத்தினான். கோழிகள் கலைந்து ஓடின. "எண்ணெய் கரையத்தான் சாராயம் விடுறவனுகளாம். பார்ஜ் மாதிரி எண்டு இவன் சொல்றான்."

பார்ஜ் கதையை நான் சொன்னேன். அக்கா சிரிப்பதை விட்டார். தவிட்டைக் குழைப்பதையும் விட்டார். ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி விட்டுப் பார்த்தார். மிதந்தது. விரலால் கலக்கினார். பிறகும் மிதந்தது.

"சட்டையிலையும் இல்லை, வயித்திலையும் இல்லை" என்று தனக்குள் சொன்னார். "வாய் மட்டும். அப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு நான் நினைக்கேல்லையே."

பிறகு என்னைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாரும். போத்தலையும் கொண்டு வாரும். எல்லாருக்கும் முன்னாலை சொன்ன சொல். எல்லாருக்கும் முன்னாலைதான் பாக்கவேணும். விழுங்கினீரோ, எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை லயன் முழுக்க முதல் வீட்டுப் படலையில் நின்றது. சில ஆம்பிளைகள் மர உச்சியிலும். றெஜினாவின் தாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. றெஜினா அவவுக்குப் பின்னால். காசிம் போத்தலில் கை படாமல் தள்ளி நின்று கத்திக் கத்தி வழி சொன்னான்.

முதலில் வெறும் வாயை ஊதச் சொன்னார்.

"இல்லை" என்றார் அக்கா. பிறகு, "நாத்தம் இருக்கு. குடி இல்லை."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பிறகு கிளாசில் ஊற்றித் தந்தார். வாயில் விட்டேன். அக்கா கிட்ட வந்து என் தொண்டைக் கட்டையில் விரலை வைத்தார். அதைத் தொட்டுக்கொண்டே, "இப்பக் கொப்பளியும்" என்றார். அண்ணாந்து கொப்பளித்தேன். விழுங்கினால் கட்டை ஏறி இறங்கும். அதற்குத்தான் விரல். எரிச்சலில் கண்ணீர் வந்தது. தொண்டையை இறுக்கிக்கொண்டு நின்றேன். கலியாணம் அந்த விரலில் நின்றது.

"துப்பும்."

அக்கா நீட்டிய வெள்ளை எனாமல் கோப்பைக்குள் துப்பினேன். பச்சையாக விழுந்தது.

"ஐயோ அநியாயம்!" என்றான் மரத்தில் இருந்தவன்.

"அக்கா, அந்தக் கோப்பையை எறியாதையுங்கோ" என்றான் இன்னொருவன். அவன் பெண்சாதி அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

"ஊதும்" என்றார் அக்கா.

ஊதினேன். கண்ணை மூடினார்.  அக்கா வாயைத் திறந்தார், மூடினார். இரண்டு சொல்தான் அவரிடம் இருந்தது. இரண்டும் சரி வரவில்லை.

"ஓம்" என்றார் கடைசியில்.

றெஜினாவின் தாய் திரும்பினா.

"நில்லு பிள்ளை. நான் இன்னும் முடிக்கேல்லை. ஓம், சாராயம் இருக்கு. ஆனால் இவன் குடிக்கேல்லை." மூச்சு வாங்கினார். "அண்டைக்கும் இதுதான். என்ரை மூக்குச் சொன்னது சரி. நான் சொன்னது பிழை. பிழை என்ரை."

 கூட்டத்தின் கடைசியில் அவருடைய தம்பி நின்றான். தலை குனிந்துகொண்டு நின்றான்.

அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு ஆம்பிளையள் நிக்கிறியள். வாய்க்குள்ளை போன சாராயத்தைத் துப்பினவன் ஆரும் இருந்தால் கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழும்பவில்லை. மரத்திலிருந்தவன் கொப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியே?" என்றார் றெஜினாவின் தாயிடம். "இவனை விட்டால் இந்தத் துறைமுகத்திலை உனக்கு வேறை மருமகன் இல்லை."

தாய்க்கு இன்னும் மனம் வரவில்லை. "வடிவாத் தெரியுமோ அக்கா? மூக்கு ஒண்டு சொல்லுது, நீங்கள் ஒண்டு சொல்லுறியள்" என்றா.

அப்போதுதான் றெஜினா முன்னுக்கு வந்தாள். அதுவரை நான் அவள் முகத்தை நேரே பார்த்ததில்லை.

"நான் மோந்து பாக்கிறன்" என்றாள்.

"ஏய் பெட்டை! சனம் நிக்குது!"

"அக்கா எல்லாற்றை புருசன்மாரையும் மோந்து பாக்கலாம். எனக்கு வாற ஒராளை நான் பாக்க ஏலாதோ?"

பெண்கள் சிரித்தார்கள். தாய் தலையில் கை வைத்தா. அக்கா ஒதுங்கி இடம் விட்டார். றெஜினா கிட்ட வந்தாள். கண்ணை மூடவில்லை.

"ஊதுங்கோ."

 மெல்ல ஊதினேன்.

"மிட்டாய்க் கடை மாதிரி இருக்கு" என்றாள். தாயைப் பார்த்து, "எனக்கு ஓம் அம்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பல்லை மட்டும் புடுங்கிப்போட்டு வாங்கோ."

திங்கட்கிழமையே போய்ப் பிடுங்கினேன்.

அடுத்த சம்பள நாள் அக்கா படலைக்கு வரவில்லை. ஆம்பிளைகள் வழக்கம் போல் வரிசையில் வந்து நின்றார்கள். ஊதிக் காட்ட ஆளில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போகலாமா என்றும் தெரியவில்லை. பெண்சாதிமாருக்கும் சோறு போடுவதா கதவைச் சாத்துவதா என்று தெரியவில்லை. கடைசியில் பெண்கள் எல்லாரும் படலைக்குள்ளே போய் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"நான் பிழை விட்டவள். வேறை ஆளைப் பாருங்கோ" என்று கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து சொன்னார் அக்கா.

"ஒருக்காத்தானே அக்கா" என்றாள் ஒருத்தி. "எங்கடை ஆள் கிழமைக்கு ரெண்டு தரம் பிழை விடுறவர். அவரை நான் வைச்சிருக்கிறன்தானே."

அக்கா வெளியே வந்தார். அன்றைக்கு முதலாவதாக நின்றவன் முந்திக்கொண்டு சொன்னான், "அக்கா, நான் வாய்தான் கொப்பளிச்சனான்."

"போத்தல் எங்கை?"

"முடிஞ்சுது அக்கா."

"துப்பினீரோ?"

அவன் உதட்டைத் துடைத்தான்.

"ஓம்" என்றார் அக்கா. பெண்சாதி கதவைச் சாத்தினாள்.

எங்கள் கலியாணம் நடந்தது. கோயிலால் வந்து, றெஜினா வீட்டு முற்றத்தில் கேக் வெட்டினோம். அதற்குப் பிறகு மாப்பிள்ளை பொம்பிளைக்கு வைன் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் ஒரு முறை. அதை விட ஏலாது. றெஜினாவின் தாய், இப்போது என் மாமி, சின்னக் கிளாசில் ஊற்றிக்கொண்டு வந்தா. முன் கதிரையில் அக்கா இருந்தார். எனக்குக் கிளாசைப் பிடிக்கக் கை கூசியது. முற்றம் முழுக்க அக்காவைத்தான் பார்த்தது, என்னையில்லை.

வாயில் விட்டேன். அதோடு நின்றுவிட்டேன். விழுங்க வரவில்லை. வெள்ளைச் சட்டை, பக்கத்தில் வெள்ளைச் சீலை, சுற்றிவரச் சனம். துப்பவும் இடமில்லை. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்றேன். றெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். காசிம் மட்டும், "என்னடா மச்சான், பல்லோ?" என்று கத்தினான்.

அக்கா எழும்பி வந்தார். என் தொண்டைக் கட்டையைப் பார்த்தார். விரலை வைக்கவில்லை. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டார்.

"விழுங்கும் தம்பி" என்றார். "நான் பாக்கேல்லை."

கண்ணை மூடிக்கொண்டார்.

விழுங்கினேன்.